சிலுவையும் பாடுபட்ட சுரூபமும்



தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்து இரண்டு கிறிஸ்தவ வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சிலுவையில் இயேசுவின் உருவம் இருக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கைகளிலும் கால்களிலும் ஆணி, விலாவில் காயம். அதன் கீழே ஒரு மெழுகுவர்த்தி. சில நாள்களில் ஒரு சரம் பூவும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரிலும் ஒரு சிலுவை இருக்கிறது. ஆனால் அதில் யாரும் இல்லை. நெடுக்கே ஒரு சட்டம், குறுக்கே ஒரு சட்டம், அவ்வளவுதான். முதல் வீடு கத்தோலிக்க வீடு, அடுத்தது மெதடிஸ்டு வீடு என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே விளையாடுவார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவன் கேட்டுவிடுவான்: “உங்கள் வீட்டுச் சிலுவையில் சாமி எங்கே போனார்?” பெரியவர்களிடம் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும். “அவர்கள் சுரூபத்தைக் கும்பிடுகிறவர்கள்” என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். “அவர்கள் சுரூபத்தை உடைத்துப் போட்டவர்களின் வழி வந்தவர்கள்” என்று மற்ற வீட்டில் சொல்வார்கள். சாதாரண நாளில் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு கல்யாணப் பேச்சு வந்தாலோ, கலப்பு மணம் செய்த குடும்பத்தில் ஒரு சாவு விழுந்து, கல்லறையில் எந்தச் சிலுவையை நடுவது என்ற கேள்வி எழுந்தாலோ, அந்தப் பழைய பதில்கள் வாய்க்கு வந்துவிடும். வந்தபின் திரும்பப் போவது எளிதல்ல.

இந்த வேறுபாடு எங்கே, எப்போது, எதனால் வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். எந்தப் பக்கத்துக்கும் வழக்காட நாம் வரவில்லை. வரலாற்றைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், இரண்டு வீடுகளிலும் சொல்லப்படும் பதில் பாதிதான் சரி என்று தெரிகிறது. அதைச் சொல்லவே இந்தப் பேச்சு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் உருவத்தோடு கூடிய சிலுவையைப் ‘பாடுபட்ட சுரூபம்’ என்பார்கள். பாடுபடுதல் என்றால் துன்பப்படுதல். பால் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் வேறு அகராதி பார்க்க வேண்டியதில்லை. ‘சிலுவை’ என்பது சிரியாக் மொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். ‘குருசு’ என்பது போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். ஊர் எல்லையிலும் சாலை ஓரத்திலும் நட்டு வைத்த சிலுவையைக் ‘குருசடி’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடம் உண்டு. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் ஐரோப்பாவில் ஒரு குருசடிக்குப் போகப் போகிறோம்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் பாடுபட்ட சுரூபம் வைத்திருக்கவில்லை. உரோமைப் பேரரசில் சிலுவையில் அறைவது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கும் இழிவான தண்டனை. தூக்குக் கயிற்றை யாராவது வீட்டுச் சுவரில் மாட்டுவார்களா? உரோமை நகரில் பாலத்தீன் குன்றின் பழைய சுவர் ஒன்றில், ஏறத்தாழ கி.பி. 200-ஆம் ஆண்டைச் சேர்ந்த கிறுக்கல் ஓவியம் ஒன்று 1857-இல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் தொங்கும் உருவத்துக்குக் கழுதைத் தலை. அதன் முன்னே ஒருவன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்ஸாமெனோஸ் என்பவன் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்று கீழே எழுதியிருக்கிறது. கிறிஸ்தவன் ஒருவனைக் கேலி செய்து யாரோ வரைந்தது அது. சிலுவைக் காட்சியைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று இப்படிப் பகைவர் கையால் வந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நான்காம் நூற்றாண்டில் மாமன்னர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்தார். சிலுவைத் தண்டனையும் வழக்கொழிந்தது. கொலைக் கருவியை நேரில் பார்த்தவர்கள் மறைந்த பிறகுதான் சிலுவை கண்ணுக்குத் தாங்கும் பொருளாயிற்று. அப்போதும் மெதுவாகத்தான். உரோமையில் சாந்தா சபினா கோயிலில் ஏறத்தாழ 430-இல் செய்த மரக் கதவு இன்றும் இருக்கிறது. அதில் இயேசு கைகளை விரித்து நிற்கிறார். கண்கள் திறந்திருக்கின்றன. பின்னால் சிலுவை இருப்பதே சரியாகத் தெரியவில்லை. செதுக்கியவருக்கு அதைக் காட்டக் கூச்சம் போலும்! அதன்பின் பல நூறு ஆண்டுகள் சிலுவையில் இருந்த கிறிஸ்து சாவை வென்ற அரசராகவே காட்டப்பட்டார். ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்தில், ஏறத்தாழ 970-இல் செய்யப்பட்ட ஆள் உயர மரச் சிலுவை இருக்கிறது. அதில்தான் கண் மூடி, தலை தொங்கி, வயிறு சரிந்து, உயிர் போன ஒரு மனிதரைப் பார்க்கிறோம். பெரிய உருவச் சிலுவைகளில் இறந்த கிறிஸ்துவைக் காட்டும் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

இப்படி ஓர் உருவம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதற்கு ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறோம். இன்றைய பிரான்ஸ் நாட்டின் எல்லைப் பகுதியில் இசென்ஹைம் என்ற ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் ஒரு மருத்துவ இல்லம் நடத்தினார்கள். ‘அந்தோனியார் நெருப்பு’ என்று ஒரு நோய் அந்நாளில் ஏழைகளைப் பிடித்து ஆட்டியது. பூசணம் பிடித்த கம்பரிசித் தானியத்தில் செய்த ரொட்டியைத் தின்பதால் வருவது. உடம்பு தீயாய் எரியும், விரல்களும் கால்களும் கறுத்து அழுகும். அந்த நோயாளிகளுக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையில் குருனேவால்ட் என்ற ஓவியர் ஒரு பெரிய பீட ஓவியம் வரைந்தார். அதில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பெல்லாம் புண். தோல் பச்சை பாரித்திருக்கிறது. விரல்கள் வலியில் விறைத்து நிற்கின்றன. நோயாளிகள் அதன் முன்னே வந்து நின்று, தங்கள் உடம்பையே அங்கே பார்த்திருக்கிறார்கள். படிப்பறிவு இல்லாத ஒரு கூலி விவசாயிக்கு, ‘கடவுள் உன் வலியை அறிவார்’ என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதைவிட, அந்த ஓவியத்தின் முன் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். இந்த ஓவியம் இன்று பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வாதமும் இதுதான். ஏறத்தாழ 600-ஆம் ஆண்டில், மார்செய் நகர ஆயர் ஒருவர் தம் கோயிலில் இருந்த படங்களையெல்லாம் உடைத்துப் போட்டார். அப்போது பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். மக்கள் படங்களை வணங்காமல் தடுத்தது நல்லது, ஆனால் உடைத்தது தவறு. எழுத்து அறியாதவர்கள் சுவரைப் பார்த்தாவது படிக்கட்டுமே என்பது அவர் கருத்து.

எதிர் வாதமும் அற்பமானதல்ல. மோசே பெற்ற பத்துக் கற்பனைகளில், உருவம் செய்து அதை வணங்கக் கூடாது என்ற தடை இருக்கிறது. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. நேயர்கள் விரும்பினால் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் கற்பனை எத்தனையாவது என்று ஒரு கத்தோலிக்கப் பாட்டியிடம் கேளுங்கள். நான்காவது என்பார். மெதடிஸ்டுப் பாட்டியிடமோ ஆங்கிலிக்கன் பாட்டியிடமோ கேளுங்கள். ஐந்தாவது என்பார். இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். விவிலியத்தில் வாசகம் ஒன்றுதான். எண்ணுகிற முறை வேறு. உருவத் தடையைக் கத்தோலிக்கர்கள் முதல் கற்பனையோடு சேர்த்து எண்ணுகிறார்கள்: வேறு தெய்வத்தை வணங்காதே, அதன் உருவத்தையும் வணங்காதே என்று ஒரே மூச்சில். கடைசியில், பிறர் மனைவியை இச்சிப்பதையும் பிறர் பொருளை இச்சிப்பதையும் இரண்டாகப் பிரித்துப் பத்தை நிறைவு செய்கிறார்கள். மற்றவர்களோ உருவத் தடையைத் தனியே எடுத்து இரண்டாம் கற்பனையாக நிறுத்துகிறார்கள். தனிக் கற்பனையாக நின்றால் அதன் குரல் உரக்கக் கேட்கும் அல்லவா?

இப்போது லுத்தரன் பாட்டி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். நான்காவது என்பார்! கத்தோலிக்கரைப் போலவே. ஏனென்றால் லூதர் தம் ஞானோபதேசத்தில் பழைய எண்ணையே வைத்துக்கொண்டார். புரோட்டஸ்தாந்தர் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைப்பது தவறு என்பதற்கு இந்த எண் ஒன்றே போதும்.

லூதர் 1517-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர். 1521-இல் அவர் உயிருக்கு ஆபத்து வந்தபோது ஒரு கோட்டையில் மறைந்து இருந்தார். அந்த இடைவெளியில் அவருடைய சகாவான கார்ல்ஸ்டாட் என்ற பேராசிரியர் வேகம் பிடித்தார். கோயில்களில் உருவங்களே இருக்கக் கூடாது என்று 1522 ஜனவரியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: சிறு வயது முதல் உருவங்களைக் கண்டு தமக்கே உள்ளூர அச்சம் உண்டு, அந்த அச்சம் போகவில்லை என்று. உருவத்தை வெறுத்தவர் அதன் வலிமையை நம்பாதவர் அல்லர்; மிகவும் நம்பியவர் என்று நமக்குத் தோன்றுகிறது. நகரில் சிலர் கோயில் உருவங்களை உடைக்கவும் செய்தார்கள்.

செய்தி கேட்ட லூதர் மார்ச் மாதம் மறைவிடத்தை விட்டு வந்தார். எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். உருவங்களை நான் விரும்பவில்லை, ஆனால் கைபலத்தால் பிடுங்கி எறிவது நற்செய்தியின் வழியல்ல என்பது அவர் பேச்சின் சாரம். மூன்று ஆண்டுக்குப் பின் கார்ல்ஸ்டாட்டுக்கு எதிராக எழுதிய நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். கிறிஸ்து பாடுபட்ட கதையைக் கேட்கும்போது, வேண்டும் வேண்டாம் என்றாலும், சிலுவையில் தொங்கும் ஒரு மனிதரின் உருவம் என் மனத்தில் தோன்றிவிடுகிறதே, அது மனத்தில் இருப்பது பாவமல்ல என்றால் கண்முன் இருப்பது எப்படிப் பாவமாகும் என்று கேட்டார். கார்ல்ஸ்டாட் தரப்பில் இதற்கு நல்ல பதில் கிடைத்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஆக, லுத்தரன் கோயில்களில் பாடுபட்ட சுரூபம் அப்படியே நின்றது. விட்டன்பர்க் நகரக் கோயிலில் 1547-இல் வைக்கப்பட்ட பீட ஓவியத்தில், கிரானாக் என்ற ஓவியர் லூதர் பிரசங்கம் செய்வதை வரைந்திருக்கிறார். ஒரு பக்கம் லூதர், எதிர்ப் பக்கம் மக்கள், நடுவில் பாடுபட்ட கிறிஸ்து. லூதரின் விரல் அவரையே சுட்டிக் காட்டுகிறது.

அப்படியானால் சுரூபத்தை அகற்றியவர்கள் யார்? இப்போது சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்துக்குப் போவோம்.

சூரிக்கில் 1519 முதல் உல்ரிக் சுவிங்லி என்ற குரு போதித்து வந்தார். விவிலியத்தில் இல்லாத எதுவும் வழிபாட்டில் வேண்டாம் என்பது அவர் கொள்கை. அவருடைய நண்பர் லியோ யூட் 1523 செப்டம்பரில் உருவங்களுக்கு எதிராகக் கடுமையாகப் பிரசங்கித்தார். கேட்டவர்களில் கிளவுஸ் ஹாட்டிங்கர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர். நகர வாசலுக்கு வெளியே ஸ்டாடல்ஹோஃபன் என்ற இடத்தில், ஓர் ஆலையின் அருகே, பெரிய மரப் பாடுபட்ட சுரூபம் ஒன்று சாலையோரம் நின்றது. நம் மொழியில் சொன்னால் ஒரு குருசடி. அந்தச் செப்டம்பர் மாதக் கடைசியில் ஹாட்டிங்கரும் ஒரு தையற்காரரும் ஒரு நெசவாளியும் இன்னும் சிலரும் போய், அடிமண்ணைத் தோண்டி அதைச் சாய்த்துவிட்டார்கள். மூவருமே கையால் உழைத்துப் பிழைத்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் செய்தாய் என்று விசாரித்தபோது ஹாட்டிங்கர் தரப்பில் சொன்ன ஒரு காரணம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அந்த மரத்தை விற்று, பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்க எண்ணினார்களாம். மரத்தாலும் கல்லாலும் செய்த உருவத்துக்கு மக்கள் மெழுகுவர்த்தியும் பணமும் கொடுக்கிறார்கள். கடவுளின் உயிருள்ள உருவமான ஏழையோ வாசலில் பசியோடு கிடக்கிறான். சீர்திருத்தக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் இது. இதில் பக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே நேரத்தில், வேலைக்குப் போகும் வழியில் அந்தக் குருசடி முன் தினமும் நின்று கண்ணீர் விட்ட ஏழைப் பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களை யாரும் விசாரித்து எழுதி வைக்கவில்லை.

நகரம் இரண்டுபட்டது. தெய்வ நிந்தனை, தலையை வாங்கு என்றார்கள் ஒரு சாரார். நல்ல காரியம் என்றார்கள் மறு சாரார். அதிகாரம் இல்லாதவர்கள் தாங்களாகச் செய்ததுதான் தவறு, செயல் தெய்வ நிந்தனை ஆகாது என்பது சுவிங்லியின் நிலை. மூவரையும் சிறையில் வைத்துவிட்டு, நகர மன்றம் அக்டோபர் 26 முதல் மூன்று நாள் பொது விவாதம் ஒன்றைக் கூட்டியது. ஏறத்தாழ 900 பேர் கூடினார்கள்.

அந்த விவாதத்தில் பேசியவர்களில் நமக்கு மிகவும் பிடித்தவர் கான்ராட் ஷ்மிட் என்ற துறவற சபைத் தலைவர். அவர் சுவிங்லியின் நண்பர், சீர்திருத்தத்தை ஆதரித்தவர். ஆனாலும் அவர் சொன்னது இது: பலவீனமான ஒருவன் ஒரு கோலை ஊன்றி நடக்கிறான். அந்தக் கோல் உளுத்துப்போனதாகவே இருக்கட்டும். வேறு நல்ல கோலை அவன் கையில் கொடுக்காமல் அதைப் பிடுங்கினால் அவன் விழுந்துவிடுவான். கிறிஸ்து என்னும் உறுதியான கோலை முதலில் அவனுக்குக் காட்டுங்கள். பிறகு பழைய கோலை அவனே எறிந்துவிடுவான். வயதான தாய் தகப்பனை வைத்துப் பராமரிக்கிற எவருக்கும் இந்த வாதம் புரியும். சுவிங்லி இதை ஏற்கவில்லை. போதனை வேண்டும்தான், ஆனால் கடவுள் விலக்கியதை விலக்கத் தாமதிக்கலாகாது என்றார்.

உருவங்கள் தவறு என்று விவாதம் முடிந்தது. ஆனால் உடனே அகற்ற மன்றம் துணியவில்லை. அனுமதியின்றிச் செய்ததற்காக ஹாட்டிங்கரை இரண்டு ஆண்டு நாடுகடத்தியது. வெளியே போனவர் வாய் மூடி இருக்கவில்லை. பழைய மதத்தில் உறுதியாக நின்ற மாநிலத்தார் அவரைப் பிடித்து லூசெர்ன் நகரத்துக்குக் கொண்டு சென்றார்கள். 1524 மார்ச்சில் அங்கே அவர் தலை வெட்டப்பட்டது.

மூன்றே மாதம் கழித்து, அதே 1524 ஜூனில், அவரை வெளியேற்றிய சூரிக் நகர மன்றமே ஆணையிட்டுக் கோயில் உருவங்களை எல்லாம் அகற்றியது. கூட்டமும் கூச்சலும் இல்லை. போதகர்களும் மன்ற அதிகாரிகளும் தச்சர், கொல்லர், கொத்தர்களோடு ஒவ்வொரு கோயிலாகப் போனார்கள். உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். உருவங்களை இறக்கினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. நம் கோயில்கள் இப்போது எவ்வளவு வெளிச்சமாக இருக்கின்றன, சுவர்கள் எவ்வளவு வெண்மையாக இருக்கின்றன என்று சுவிங்லி மகிழ்ந்தார். பல இசைக் கருவிகளை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அவர். ஆனாலும் 1527-இல் பெரிய கோயிலின் ஆர்கனும் கழற்றப்பட்டது. கண்ணுக்கும் காதுக்கும் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, வேத வசனம் ஒன்றையே விட்டு வைத்தார்கள். 1531 அக்டோபரில் கப்பேல் என்ற இடத்தில் கத்தோலிக்க மாநிலங்களோடு நடந்த போரில் சுவிங்லி இறந்தார். கோலைப் பற்றிப் பேசிய கான்ராட் ஷ்மிட்டும் அதே களத்தில், அவர் பக்கத்திலேயே நின்று இறந்தார்.

ஜெனீவாவில் கல்வின் இந்த வழியை இன்னும் உறுதியாக்கினார். நெதர்லாந்தில் 1566 ஆகஸ்டில் கூட்டம் கூட்டமாக மக்கள் கோயில்களில் புகுந்து உருவங்களை நொறுக்கினார்கள். ஆண்ட்வெர்ப் பேராலயம் ஓர் இரவில் வெறுமையானது. இங்கிலாந்தில் 1538-இல் பாக்ஸ்லி என்ற ஊர் மடத்தில் கண்ணும் உதடும் அசையும் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருப்பதைச் சோதித்து, உள்ளே கம்பிகள் இருப்பதைச் சந்தையில் வைத்துக் காட்டி, பிறகு இலண்டனில் எரித்தார்கள். இத்தகைய வித்தைகள் நடந்த இடத்தில் மக்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அதே இங்கிலாந்தின் புரோட்டஸ்தாந்து அரசியான முதலாம் எலிசபெத், நாடெங்கும் சுரூபங்களை இறக்கச் சொல்லிவிட்டு, தம் சொந்தச் சிற்றாலயத்தில் ஒரு சிறிய வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தை வைத்துக்கொண்டார். ஆயர்கள் கெஞ்சினார்கள். யாரோ அதை உடைத்தும் பார்த்தார்கள். அரசியார் மறுபடி வைக்கச் செய்தார்!

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கண்டனங்களுக்கு 1563 டிசம்பரில் திரெந்து சங்கத்தில் பதில் சொன்னது. சுரூபத்துக்குள் தெய்வத்தன்மையோ சக்தியோ இருப்பதாக நம்பக் கூடாது. அதற்குச் செய்யும் மரியாதை அது காட்டுகிறவரையே சேரும். மூட வழக்கங்களையும் பண ஆசையையும் நீக்க வேண்டும். ஆனால் சுரூபங்கள் இருக்கட்டும் என்பது தீர்ப்பு. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர் வரிசையில் நின்று பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்யும்போது, மரத்துக்கு முத்தமிடுவதாக அவர்கள் நினைப்பதில்லை. ஊரில் இருக்கும் தாயின் புகைப்படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளை காகிதத்தின் மேல் பாசம் வைத்தவன் அல்லன்.

இப்போது பக்கத்து வீட்டு வெறும் சிலுவைக்கு வருவோம். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார், ஆகையால் சிலுவை காலியாக இருக்கிறது என்று மெதடிஸ்டு வீட்டுப் பெரியவர் சொல்வார். அழகான விளக்கம். கத்தோலிக்கரும் உயிர்ப்பை நம்புகிறவர்களே. அது வேறு விஷயம். ஆனால் 16-ஆம் நூற்றாண்டு வழக்கின் மையத்தில் இந்த விளக்கம் இல்லை. அன்று பேசப்பட்டது உருவ வணக்கம் பற்றி மட்டுமே. இன்னொன்றும் உண்டு. சுவிங்லியின் வழி வந்தவர்களும் கல்வினின் வழி வந்தவர்களும் உருவத்தை எடுத்துவிட்டு வெறும் சிலுவையை வைத்தவர்கள் அல்லர். சிலுவையையே வைக்கவில்லை! இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் 1643-இல் இலண்டன் சீப்சைடு வீதியில் நின்ற பழைய சிலுவைத் தூணை இடித்துத் தள்ளினார்கள். அவர்கள் மரபில் வந்த பல சபைகளில் வெறும் சிலுவை பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதாவது, லயத்து வீட்டில் மாட்டியிருக்கும் அந்த இரண்டு சட்டங்கள் சுவிங்லியின் கண்ணில் பட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது. எதுவும் இல்லாத வெள்ளைச் சுவரிலிருந்து பாதி தூரம் திரும்பி வந்த சிலுவை அது.

நம் தமிழ் லுத்தரன்களின் கதை இன்னொரு கிளை. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு லூதரின் வழியைச் சேர்ந்தவர். அங்கே தொடங்கிய சபையின் மக்கள் மலாயாவுக்குப் பிழைக்க வந்தபோது அந்த மரபும் உடன் வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் நிற்கும் சீயோன் ஆலயம் அவர்களுடையது. ஆகவே, புரோட்டஸ்தாந்து வீடு என்றால் பாடுபட்ட சுரூபம் இருக்கக் கூடாது என்று யாராவது அடித்துப் பேசினால், அவர் எந்த வழியைச் சேர்ந்தவர் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வரலாறு முழுவதும் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மலாக்காவுக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கத்தோலிக்கர். 1521-இல் குன்றின் மேல் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். 1641-இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்தார்கள். அவர்கள் கல்வினின் வழியினர். குன்றின் மேலிருந்த மாதா கோயில் புனித பவுல் கோயிலாகப் பெயர் மாறி டச்சுக்காரரின் வழிபாட்டு இடமாயிற்று. கத்தோலிக்கர்கள் பகிரங்கமாகப் பூசை காணத் தடை. மறைவாகக் கூடி ஜெபித்தார்கள். காலப்போக்கில் தடை தளர்ந்தது. 1710-இல் கத்தோலிக்கர்களுக்குப் புனித பேதுரு கோயில் எழுந்தது. இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில் அதுவே. டச்சுக்காரர்கள் தங்களுக்கென 1741-இல் தொடங்கி 1753-இல் முடித்ததுதான், இன்று சிவப்பு நிறத்தில் எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கிறிஸ்து ஆலயம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1838-இல் அது ஆங்கிலிக்கன் முறைப்படி அபிஷேகம் செய்யப்பட்டது.

டச்சுக்காரர் கட்டிய அந்த ஆலயத்தின் முகப்பில் இன்று பெரிய வெள்ளைச் சிலுவை ஒன்று தெரிகிறது, வெறும் சிலுவை. புனித பேதுரு கோயிலிலோ கல்லறைக்குப் போகும் இயேசுவின் ஆள் உயரச் சுரூபம் ஒன்று இருக்கிறது. பெரிய வெள்ளி இரவில் அதைத் தோளில் சுமந்து, மெழுகுவர்த்தி ஏந்தி மக்கள் பவனி வருவார்கள். போர்த்துகீசிய வழி வந்தவர்களோடு தமிழர், சீனர் என்று பலரும் அதில் நடப்பார்கள். இரண்டு கோயில்களுக்கும் இடையே நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.